கைராசிக்காரர்

எனக்கு வலிக்காம ஊசி குத்தத் தெரியும் சார். ரத்தம் குடுக்க வர்ற குழந்தைங்ககூட என்கிட்ட அழாது. எங்க பரிசோதனைக் கூடத்துல எனக்குக் 'கைராசிக்காரர்'னுதான் பேர். நான் எடுத்தா ரிசல்ட் நல்லா வரும்னு, எனக்காகவே காத்திருந்து குத்திக்கிட்டுப் போறவங்க உண்டு.

முதல்ல ஒரு பஸ் டிரைவர். சர்க்கரை எக்கச்சக்கமா இருந்தது. உள்ளதை எழுதினா வேலை போயிடும்னு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒருத்தர் வயித்துல அடிக்க நான் யாரு? நம்பரைக் கொஞ்சம் இறக்கிப் போட்டேன். என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். அப்புறம் அவர் வரவே இல்லை. குணமாயிருக்கும்னு எடுத்துக்கிட்டேன்.

அப்படியே பழகிடுச்சு. எல்லாருக்கும் செய்யல, பயந்தவங்களுக்கு மட்டும்தான். திமிராப் பேசுறவங்களுக்கு உள்ளது உள்ளபடி குடுத்துடுவேன். அவங்கல்லாம் வைத்தியம் பார்த்து நல்லா இருக்காங்க.

அண்ணி என்னைத் தூக்கி வளர்த்தவங்க. முட்டி வலிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. கிட்னி தாங்குதான்னு பார்த்துட்டு வரச் சொல்லி டாக்டர் அனுப்பினார். ரத்தத்துல ஒண்ணையொட்டி இருக்க வேண்டிய கிரியாட்டினின் உப்பு, மெஷின்ல நாலைத் தாண்டி நின்னது. அண்ணி பெஞ்சுல உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"என்னடா, பயப்படுற மாதிரி ஏதாவதா?"

"உங்களுக்கென்ன அண்ணி, குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க."

சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தா நீங்களும் அதைத்தான் செஞ்சிருப்பீங்க. ஒண்ணுன்னு அடிச்சுக் குடுத்தேன். டாக்டர் அதை நம்பி மாத்திரையைக் கூட்டினார். அடுத்த தடவையும் என்கிட்டதான் வந்தாங்க, அதுக்கடுத்த தடவையும். கால் வீங்குச்சு, மூச்சு வாங்குச்சு. வயசாகுதில்லன்னேன். சொல்லிடலாம்னுகூட நினைச்சேன். முதல்லயே ஏன் சொல்லலைன்னு மனசொடிஞ்சு போயிடுவாங்களேன்னு விட்டுட்டேன்.

கடைசியில பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. ரெண்டு கிட்னியும் போயிருந்தது. அங்கேயே போய்ச் சேர்ந்துட்டாங்க. பழைய ரிசல்ட்டைப் பார்த்துட்டு அந்த ஆஸ்பத்திரி டாக்டர்தான் போலீஸ்னு உங்களைக் கூப்பிட்டது. அண்ணன் என் சட்டையைப் பிடிக்கல. "அவ உன்னை நம்பினாடா"ன்னார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துடுச்சு. நம்பினதாலதானே அண்ணி இத்தனை நாள் கவலையில்லாம இருந்தாங்க? அதை அண்ணனுக்குப் புரிய வைக்க முடியல.

மொத்தம் எத்தனை பேர்னு கேட்டீங்க. நல்லது செய்யுறதை யாராவது எண்ணிக்கிட்டு இருப்பாங்களா சார்? ஒருத்தர்கிட்டயும் பைசா வாங்கினதில்லை, ஒருத்தருக்கும் கெடுதல் நினைச்சதில்லை.

போன மாசம் எனக்கே அடிக்கடி தலை சுத்துச்சு. அடுத்த தெருவுல இருக்கிற வேற கூடத்துக்குப் போய் ரத்தம் குடுத்தேன். சிரிச்ச முகமா ஒரு பொண்ணு இருந்தா. ஊசி போடுறதுக்கு முன்னாடியே அவகிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டேன், "எதையும் மறைக்காதேம்மா, இது உயிர் விஷயம்."