தீவுக்குத் தெரியும் நட்சத்திரம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஜெலுத்தோங் டிராமில் என் முன்னால் இருந்தவர், உள்ளே விளக்கு வைக்கிற காகித நட்சத்திரம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து அம்மாளிடம் கேட்டார்.

“அக்கா, இது வாசல்ல மழையில தொங்கினாலும் பண்டிகை முடிஞ்சும் எரியணும். என்ன செய்யலாம்?”

“காகிதத்துல மெழுகு தேய்ங்க தம்பி. பகல்ல கழட்டி உள்ள வைங்க. ஏன், அவ்வளவு நாளைக்கு?”

“பெருவியாதி, குஷ்டம்னு என் சம்சாரத்த ஜெரெஜாக் தீவுல வச்சிருக்காங்க. எங்க வீடு கடலோரம், வெளிச்சம் அங்க தெரியும். போன வருஷம் மழையில அணைஞ்சதும், பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அழுதாளாம்.”

“பிள்ளை சுகந்தானே?”

அவர் நட்சத்திரத்தின் முனையை நீவிக்கொண்டே இருந்தார்.

“போன மாசம் காய்ச்சல்ல போயிட்டான்க்கா. அவளுக்கு இன்னும் சொல்லல.”