நாலாவது கட்டில்

— காலையில ஒண்ணு, ராத்திரி ரெண்டு. மாத்திரக் கணக்கெல்லாம் எதுக்குங்க கேக்குறீங்க?

— சும்மாதான் அம்பிகா. வூட்டுக்காரி கேக்கக் கூடாதா?

— ஆறு வருசமா உங்க பின்கட்டுல வாடகைக்கு இருக்கோம். ஒரு நா இந்த வாசப்படி ஏறுனதில்ல. இன்னைக்கு டப்பாவத் தொறந்து பாக்குறீங்க, கட்டில எண்ணுறீங்க. எனக்கு ஒண்ணும் புரியலங்க ஆண்டாயிம்மா.

— நம்மளக் காலி பண்ணச் சொல்ல வந்திருக்காங்கக்கா. இதுல புரியறதுக்கு என்னா இருக்கு.

— அதத்தான் முன்னமே சொல்லியாச்சே பூங்குழலி. ஆடி போவட்டும், ஆவணி பொறந்ததும் போயிக்கங்கன்னு. ஆடியில வூடு மாறச் சொல்ற பாவம் எனக்கு வேணாம்.

— அப்ப வேற எதுக்கு வந்தீங்க?

— ஏய், மரியாதையாப் பேசு. நீங்க ஒக்காருங்கம்மா. இன்னைக்குச் சமையல் இவ மொற, அதான் சிடுசிடுங்குறா.

— மொற வச்சா சமைக்கிறீங்க?

— அந்தா செவுத்துல ஒட்டியிருக்கு பாருங்க. சமையல், தண்ணி புடிக்கிறது, கூட்டுறது. ஒருத்திக்கு முடியலன்னா அவ மொறைய மத்தவங்க பாக்கணும். எங்கள இங்க வச்சுப் பாத்துக்குற வெற்றிச்செல்வி மேடம் போட்ட சட்டம்.

— முடியலன்னா பாப்பீங்களா.

— பாக்கணும்லங்க.

— ம். போற எடம் எது?

— பெரம்பலூரு. டவுனத் தாண்டிப் போவணும். அரியலூர்ல மேடம் ஏறி எறங்காத வூடு பாக்கியில்ல. மெடிக்கல் காலேஜு வந்தப்பறம் எல்லாரும் டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்களுக்குத்தான் விடுவாங்களாம். மிச்சம் மீதி இருந்தவங்களும் நாங்க யாருன்னு கேட்டதும் கதவச் சாத்திக்கிட்டாங்க.

— நானும் மொதல்ல சாத்துனவதான்.

— சாத்துனது மட்டுமா? பைத்தியத்துக்கெல்லாம் வூட்ட விட்டுட்டேன்னு தெருவுல நின்னு பொலம்புனீங்க. எனக்குக் காது நல்லாவே கேக்கும்.

— பூங்குழலி, போயி அடுப்பப் பாரு.

— வுடு அம்பிகா, நெசத்தத்தான சொல்றா. அங்க எத்தன கட்டிலு?

— நாலு போட்டிருக்காங்களாம். இவ, நானு, வேலைக்குப் போயிருக்குற நந்தினி. நாலாவது யாருன்னு இன்னும் தெரியல.

— யாரு வேணா வரலாமா?

— அதெப்படிங்க? ஆசுபத்திரியில வைத்தியம் பாத்து, டாக்டரு எழுதிக் குடுத்து, பாத்துக்க ஆளில்லன்னு மேடம் வெசாரிச்சு, அப்பறந்தான்.

— டாக்டரு என்னா கேப்பாரு?

— தூக்கம் வருதா, காதுல யாராச்சும் பேசுறாங்களா, இன்னைக்கு என்னா கெழம, இப்படி.

— நீ என்னா சொன்ன?

— நான் அப்ப பதினோரு நா செந்துறை பஸ் ஸ்டாண்டுலயே ஒக்காந்திருந்தவ. என்னா சொன்னேன்னு யாரு கண்டா? ஆண்டாயிம்மா, எனக்கு ஒரே கொழப்பமா இருக்கு. எங்க மேல புகாரு எழுதிப் போடப் போறீங்களா? ஆடி முடியறதுக்குள்ள தொரத்தணும்னு உங்க மவன் கேட்டுட்டு வரச் சொன்னாரா?

— சரத்குமாரா? அவனுக்கு ஆவ வேண்டியது ஆயிருச்சு. போன புதங்கெழம எடத்த அவம்பேருக்கு எழுதிக் குடுத்துட்டேன். முன்கட்டு, பின்கட்டு எல்லாத்தையும் இடிச்சுட்டு மாடி மாடியா எழுப்பப் போறான். கீழ ஒரு வூடு ஒனக்குத்தாம்மான்னான்.

— நல்லதுதானங்க.

— பத்திரம் எழுதுறவரு கேட்டாரு, அம்மாவுக்குன்னு ஒரு வரி எழுத வேணாமான்னு. இவன் சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

— நீங்க எழுதச் சொல்லலயா?

— பெத்த புள்ளகிட்ட எழுதிக் குடுன்னு கேப்பாங்களா பூங்குழலி? நாலு பேரு முன்னால அவன் மொகம் என்னாத்துக்காவும்?

— கேட்டிருக்கணும்.

— நேத்து மருமவ சொல்றா, கீழ் வூடு ரெண்டையும் டாக்டருங்களுக்குப் பேசி முடிச்சாச்சாம். நீங்க தம்பி வூட்டுல போயி இருங்க அத்தைன்னா. எந்தம்பி செத்து நாலு வருசம். கருமாதிக்கு அவளும்தான் வந்தா.

— உங்க மவன் ஒண்ணும் சொல்லலயா?

— செல்லு பாத்துக்கிட்டிருந்தான்.

— இந்தாங்க, டீ குடிங்க. சக்கர கம்மியாத்தான் போட்டிருக்கேன்.

— கீழ வையி பூங்குழலி, ஆறட்டும். அம்பிகா, இன்னைக்கு என்னா கெழம?

— வெள்ளிங்க.

— டாக்டரு கேட்டா அதச் சரியாச் சொல்லணுமா, தப்பாச் சொல்லணுமா?

— யாரு சொல்றதுக்குங்க?

— நாளைக்கு உங்க மேடம் வருவாங்கல்ல. எனக்கும் புத்தி சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்றியா அம்பிகா?