நரம்பு வந்து சேரும்வரை காத்திருந்த ஹமீமா மிஸ்ஸுக்கு

வெள்ளவத்தை இயன்மருத்துவ நிலையத்தின் தலைமை இயன்மருத்துவராய்த் திகழ்ந்து இன்று ஓய்வுபெறும் எம் பெருமதிப்புக்குரிய ஹமீமா மிஸ் அவர்களே! கை சோர்ந்து வந்தோரின் கலக்கம் களைந்த கருணை மனத்தவரே! பொய்யான அசைவுக்கு ஒருபோதும் கைதட்டாத பெருமாட்டியே!

முப்பது ஆண்டுகளைத் தாண்டிய உங்கள் பணியைப் புகழ எங்கே தொடங்குவதென்று திகைத்துப் போனோம். ஆகவே, கொட்டாஞ்சேனை ஒஸ்வால்டின் வலக் கையைப் பற்றி மட்டும் சொல்லி அமைகிறோம்.

பேலியகொடை மீன் சந்தையில் பெரிய மீன்களை வெட்டிக் கொடுப்பவர் அவர். ஈரத் தரையில் வழுக்கி விழுந்தபோது அவரது கத்தியே முழங்கைக்குக் கீழே பாய்ந்து நரம்பை அறுத்தது. சத்திரசிகிச்சை நிபுணர் அதைத் தைத்தார். ஆனால் தைத்த இடத்திலிருந்து நரம்பு விரல் தசைவரை மறுபடி வளர்ந்து வரவேண்டும். நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் வந்தாலே பெரிய காரியம். அதற்குள் தசை மெலிந்து மடிந்துவிட்டால், நரம்பு வந்தும் பயனில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒஸ்வால்டுக்கு ஏற்கெனவே குழி விழுந்திருந்தது. கத்தி பிடிக்க முடியாதவருக்கு மீன் வெட்டும் மேசையில் இடமில்லை.

மாதங்கள் சென்றன. ஒருநாள் எங்களுள் ஒருவரான துஷ்யந்தி அவ்விரு விரல்களுக்கிடையே ஒரு தாளைக் கொடுத்து இழுத்தார், தாள் வரவில்லை. நரம்பு வந்துவிட்டதென்று நாங்கள் தலைகால் புரியாமல் ஓடி, காலி வீதிக் கடையொன்றில் கேக் வாங்கி வந்து வெட்டவும் ஆயத்தமானோம். முதலாம் ஆண்டிலேயே படித்த பாடத்தை ஆசை மறைத்துவிட்டது. நீங்களோ பெருவிரலின் நுனி மடிந்திருப்பதைக் கண்டீர்கள். ஒஸ்வால்டின் அருகில் அமர்ந்து, "இது வேற தசை களவாச் செய்யிற வேல மகன். உங்கட நரம்பு இன்னம் வந்து சேரல்ல," என்றீர்கள். கேக் பெட்டியை மூடிவிட்டு நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுவாரம் ஒஸ்வால்ட் வரவில்லை. அவருக்கு எல்லாமே வெறுத்துப்போயிருந்தது. வலக் கையைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, சந்தையில் இடக் கையால் மீன்பெட்டி கழுவினார். அந்த மீன்தண்ணீருக்குள் நடந்துபோய் நீங்கள் அவர் முன் நின்றீர்கள். இனித் தன்னால் இயலாது என்று அவர் தலைகுனிந்தபோது சொன்னீர்கள்: "நரம்பு வந்துக்கிட்டுத்தான் ஈக்கிது மகன். அது வந்து கதவத் தட்டக்குள்ள உள்ளுக்கு ஆள் ஈக்கோணும்."

அதன்பின் அவர் ஒரு சிகிச்சைத் தவணையையும் தவறவிடவில்லை. நீங்களும் அவர் விரல்களை மடக்கி நீட்டி, மெலிந்த தசையை மின்துடிப்பால் தட்டித் தட்டி உசுப்பிக்கொண்டே இருந்தீர்கள்.

ஒரு காலை, வழக்கம்போல மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, அவரைக் கண்மூட வைத்து, அந்தக் குழியில் உங்கள் விரல்நுனியை வைத்தீர்கள். சுட்டுவிரலைப் பக்கவாட்டில் அசைக்கச் சொன்னீர்கள். வியர்வை வழிய நாங்கள் நின்றோம். வெளியே பஸ்கள் ஹோர்ன் அடித்தபடி போயின. நெடுநேரம் கழித்து, "வந்திட்டுது," என்றீர்கள். எங்கள் ஒவ்வொருவரின் விரலையும் எடுத்து அங்கே வைத்தீர்கள். தோலுக்குக் கீழே சிறு துடிப்பு. அறுந்த நரம்பொன்று இருட்டுக்குள் வழி தேடி வந்து தன் தசையைக் கண்டுபிடித்திருந்தது. ஒஸ்வால்ட் அழுதார், நாங்களும் அழுதோம். நீங்கள் மின்விசிறியைப் போடச் சொன்னீர்கள்.

மறுபடி தாளை இழுத்துப் பார்ப்பது எப்போது என்று அவர் கேட்கும்போதெல்லாம் அவசரம் வேண்டாம் என்றே சொல்லிவந்தீர்கள்.

இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நோயற்ற உடலையும் நிறைந்த மனத்தையும் அருள்வானாக. இத்தகைய மடலைச் சட்டமிட்டுக் கையளிப்பதே வழக்கம். சட்டம் பிறகு போடுவோம். இப்போது ஒஸ்வால்ட் இதை வெறுந்தாளாகவே வலக் கை இரு விரல்களுக்கிடையே பிடித்தபடி உங்கள் முன் நிற்கிறார். பெருவிரல் நேராக நிற்கிறது. இழுத்துப் பாருங்கள் மிஸ்.

உங்கள் கைபிடித்துத் தொழில் கற்ற
இயன்மருத்துவ நிலையத்தார்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.