லிஃப்ட் ஓடணும்னு ஒரு விதி

நான்: ஐயோ, போச்சு... பை கிழிஞ்சிடுச்சு! படியில கீழ யாராவது வர்றீங்களா? ஒதுங்குங்க, டின்னெல்லாம் உருளுது!

எர்னஸ்டீன்: நானே தூக்கிக்கிறேன்னேனே, வக்கீல் தம்பி. கேட்டாத்தானே?

நான்: எழுபது வயசு, வீங்கின முட்டி, நாலாவது மாடி. பார்த்துட்டு நிப்பேனா?

எர்னஸ்டீன்: லிஃப்ட் நின்னு போன பதினாலு மாசமா தனியாத்தானே ஏறுறேன். லிஃப்ட் கதவுல நீங்க ஒட்டின காகிதம் அப்படியே இருக்கு. "அரசு குடியிருப்புகளில் லிஃப்ட் ஓடும் நிலையில் இருக்க வேண்டும்."

நான்: மஞ்சள் கோடுகூட போட்டிருந்தேன்...

எர்னஸ்டீன்: என் உரிமைன்னீங்க.

நான்: ஆமா... மூச்சு வாங்குது. இங்கயே உக்காருவோமா?

எர்னஸ்டீன்: தீர்ப்பு என்னாச்சு?

நான்: தள்ளுபடி. அது வீட்டுவசதித் துறை எழுதின விதியாம். வாஷிங்டன்ல காங்கிரஸ் சபை போட்ட சட்டமே அந்த உரிமையைக் குடுத்திருந்தாத்தான் நீங்க வழக்குப் போடலாமாம். துறை தானா புது உரிமை உண்டாக்க முடியாதாம்.

எர்னஸ்டீன்: அப்போ விதி எதுக்கு?

நான்: துறை வேணும்னா இந்தக் குடியிருப்பை நடத்துறவங்களைக் கண்டிக்கும். நாம படிச்சு ரசிக்கலாம்.

எர்னஸ்டீன்: ம்... மார்ச்சுல, வழக்கை வாபஸ் வாங்கினா கீழ்த்தளத்துல வீடு தர்றோம்னாங்க.

நான்: நான்தான்... வேணாம்னு சொன்னேன்.

எர்னஸ்டீன்: "உரிமையை ஒரு வீட்டுக்கு விக்கலாமா?"ன்னீங்க. அன்னைக்கு டைகூட நேரா கட்டியிருந்தீங்க.

நான்: ஆமா, அம்மா... சர்க்கரை உள்ளவங்களுக்கு இத்தனை பீச் பழ டின் எதுக்கு?

எர்னஸ்டீன்: பேச்சை மாத்தாதீங்க.

நான்: ஏழு டின்! அத்தனையும் சர்க்கரைப் பாகு!

எர்னஸ்டீன்: கைக்குக் கிடைச்சதை எடுத்தேன். கடைக்குப் போயிட்டு வர்ற மாதிரி தெரியணுமே.

நான்: அப்போ... எங்கிருந்து வர்றீங்க?

எர்னஸ்டீன்: கோர்ட்டுல, கடைசி பெஞ்சு. தூணுக்குப் பின்னாடி. நீங்களா வந்து முழுசா சொல்றீங்களான்னு பார்த்தேன்.

நான்: அப்போ ஜட்ஜ் என்னைக் கேட்டது...

எர்னஸ்டீன்: "இதே ஓஹியோவுல போன வருஷமே இப்படி ஒரு வழக்கு தோத்திருக்கு. வீட்டை வேணாம்னு சொன்னப்போ உங்க கட்சிக்காரருக்கு அது தெரியுமா?"

நான்: நான்... "தெரியும்"னேன்.

எர்னஸ்டீன்: கணீர்னு.

நான்: எழுந்து "பொய், எங்கிட்ட சொல்லவே இல்ல"னு சொல்லியிருக்கலாமே, அம்மா. என் மானத்தைக் காப்பாத்தவா பேசாம உக்காந்திருந்தீங்க?

எர்னஸ்டீன்: அதெல்லாம் இல்ல, தம்பி. எழத்தான் பார்த்தேன். முட்டி விடல. நான் நிமிர்றதுக்குள்ள ஜட்ஜ் உள்ள போயிட்டாரு.