தாழ்வாக மாட்டிய குழாய்

குளிர்ந்த காற்றை இழுக்கும் குழாயை மாட்டினால் காருக்குப் பலம் கூடுமா என்று கேட்டீர்கள், சர்வேயர் ஐயா. கூடும். சத்தம் நிறையக் கூடும், இழுவை இம்மியளவு கூடும், ஓட்டுகிறவரின் வாய் எக்கச்சக்கமாகக் கூடும். உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இதை அப்படியே எழுதலாம். மாடியில் கேட்கும் தட்டல் சத்தத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். பழைய வீடு.

நாற்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவன் நான். என் ஒரே மகளின் கணவர் அந்தக் குழாயை வாங்கிவந்து, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் மேஜைமேல் வைத்தார்.

"மாமா, சூட்டுக் காத்து லேசு, குளுந்த காத்து கனம். இனிமே வண்டி பறக்கும்."

"கம்பெனிக்காரனும் வெளிக்காத்தைத்தானே எடுக்கிறான் மாப்பிள்ளை? அவன் என்ன மக்கா?"

"உங்களுக்கு வயசாயிடுச்சு மாமா. மாட்டுங்க."

மாட்டினேன். காற்றை இழுக்கும் பழைய ஃபில்டர் ஹெட்லைட் உயரத்தில் இருந்தது. புதியதை பம்பருக்குள், தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் வைத்தேன். கூட வந்த தாளிலும் அப்படித்தான் படம் போட்டிருந்தது. தேங்கிய தண்ணீரில் ஓட்டக் கூடாது என்று அதன் கடைசி வரி சொன்னது. அந்தத் தாளில் கையைத் துடைத்துக் குப்பையில் போட்டேன்.

மறுவாரம் சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார், இருவரும் வேறு ஊருக்கே போகிறார்களாம். "வாராவாரம் ஃபோன் பண்றோம் மாமா." மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போனால் வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும்தான். அதற்காவது பேட்டரி மாற்ற ஆள் உண்டு.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சாமான் கட்ட அட்டைப்பெட்டி வாங்கப் போனவர் வழியில் ஃபோன் செய்தார்.

"மாமா, ரயில் பாலத்துக்குக் கீழே தண்ணி நிக்குது. வரலாமா, சுத்திக்கிட்டு வரட்டுமா?"

அந்தப் பள்ளம் எனக்குத் தெரியும். ஓரத்தில் கணுக்கால், நடுவில் கழுத்து.

"முழங்கால்தான் இருக்கும். நிறுத்தாம மிதிச்சு வாங்க மாப்பிள்ளை. குழாயோட பலத்தையும் பாத்துடலாம்."

காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்த என்ஜின் ஒரே உதறலில் நின்றது. ஃபோனிலேயே கேட்டது. கண்ணாடி இறங்கவில்லை, கதவு திறக்கவில்லை என்றார். பதறாமல் இருங்கள் என்றேன். "மாமா" என்று மூன்று தரம் கூப்பிட்டார். கடைசிவரை மரியாதை குறையவில்லை. நல்ல பிள்ளை. அப்புறம் மழைச் சத்தம்தான். நான்தான் ஃபோனை வைத்தேன்.

ஆகவே நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மகளுக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. மாடி அறையில் இருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன். சாவி என் இடுப்பில் பத்திரமாக இருக்கிறது. கதவைத் திறக்கச் சொல்லித்தான் தட்டுகிறாள். வெளியே இன்னும் ஈரம் காயவில்லை. பிள்ளை நனைந்துவிடுவாளே என்றுதான் திறக்காமல் இருக்கிறேன்.