திட்டுக்குப் பின்னால் ஏறும் தண்ணீர்

மீன் பிடிக்கப் பொறுமை வேண்டும் என்று சொல்கிறவர்கள் யாரும் மீன் பிடித்திருக்க மாட்டார்கள், சார். வேண்டியது ஓட்டை இல்லாத ரப்பர் கால்சட்டை. அது இருந்தால் பொறுமை தானாக வந்துவிடும். ஈரக்காலோடு எவனும் ஞானியாக நின்றதில்லை.

நான் வழிகாட்டி. அணைக்குக் கீழே ட்ரவுட் மீன் பிடிக்க வருகிறவர்களை ஆற்றுக்குள் அழைத்துப்போய், எந்த மடுவில் மீன் நிற்கிறது, அன்றைக்கு எந்த ஈயைக் கட்டலாம் என்று சொல்வது என் பிழைப்பு. நிஜ ஈ இல்லை. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈ. அது தானாக வந்து விழுந்ததுபோல் தண்ணீர் மேல் விழ வேண்டும். பின்னால் ஒரு கை இருக்கிறது என்று மீனுக்குத் தெரிந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டது அணையின் மதகுக்காரர் போட்ட போனைப் பற்றி. அவர் பொய் சொல்லவில்லை. அன்று காலையில் பேசினார், நான்தான் எடுத்தேன். "இன்னைக்கு மத்தியானமே தண்ணி தொறக்கிறோம். வழக்கம்போல சாயங்காலம்தானேன்னு யாரையும் உள்ள எறக்கிடாதீங்க" என்றார். "சரிங்க" என்றேன். பாவம், கடமை தவறாத மனிதர். அவரை இதில் இழுக்காதீர்கள்.

என் சகலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். என் மனைவியின் தங்கை கணவர். தங்கமான மனிதர், கிண்டலாகச் சொல்லவில்லை. என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு நான் குடித்துக் கிடந்தேன். அடுப்பு பற்றவைக்காத வீடு, துவைக்காத பள்ளிச் சீருடை. என் மகளை அவர்கள்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். தலை வாரிவிட்டு, பாடம் சொல்லிக்கொடுத்து, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. நானும் ஒருவழியாகக் குடியை விட்டேன். வீட்டுக்கு வெள்ளையடித்து, அவளுக்கென்று சின்னக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு அழைத்துவரப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே திரும்பி, "அப்பா, அப்பா வந்திருக்காங்க" என்றாள்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான்தான் பலமாகச் சிரித்தேன்.

அவள் என் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே சகலைக்குத் தொலைதூரத்துக்கு மாற்றல் வந்தது. "அவளையும் கூட்டிட்டுப் போறோம்ணே. நல்ல ஸ்கூல் இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார். நான் மகளைக் கேட்டேன். "நீங்க தனியா இருப்பீங்களேப்பா" என்றாள். போகமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, சார். அதை நான் கவனித்தேன். எனக்கு இந்த உலகத்தில் இருந்தது அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் அந்த வெள்ளையடித்த வீட்டில் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நான் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்? என்னென்னவோ யோசித்தேன். காலில் விழலாமா என்றுகூட யோசித்தேன். விழுந்திருந்தால் தூக்கி நிறுத்தி, கண்ணைத் துடைத்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அவ்வளவு நல்லவர்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவையாவது ஆற்றில் இறங்க வேண்டும் என்று கேட்டதும் அவர்தான். நான் கூப்பிடவில்லை. மதகுக்காரர் போன் பண்ணிய அன்றைக்குத்தான் அழைத்துப்போனேன்.

ஆறு வளைகிற இடத்தில் நடுவே கூழாங்கல் திட்டு ஒன்று உண்டு. கரைக்கும் திட்டுக்கும் இடையே ஒரு வாய்க்கால், கணுக்கால் ஆழம்தான். அதைத் தாண்டித் திட்டில் நின்று, அந்தப் பக்கத்து மடுவில் ஈயை வீச வேண்டும். அங்கே பாறையில் தண்ணீர் மோதும் இரைச்சலில், மதகைத் திறக்கும்போது ஊதும் அணையின் சங்கு கேட்காது. அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். ஆளை இறக்கியதும் கரையில் தண்ணீரின் விளிம்பை ஒட்டி ஒரு தட்டைக் கல்லை வைப்போம். காவல் கல் என்போம். அது நனைந்தால் கரையில் இருக்கிறவர் கத்த வேண்டும், உள்ளே இருப்பவர் உடனே வந்துவிட வேண்டும். ஏனென்றால் தண்ணீர் சுவர்மாதிரி எழும்பி வராது. சத்தமில்லாமல் ஏறும். அதுவும் பின்னால் இருக்கிற வாய்க்காலில்தான் முதலில் ஏறும். மீன்பிடிக்கிறவன் முன்னால் மடுவைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

நான் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. அந்தக் கல்லைக் கரைச்சரிவில் இரண்டு முழ உயரத்தில் வைத்தேன்.

மகளும் எங்களோடு வந்திருந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்து, "இது நனைஞ்சா கத்தணும், சரியா?" என்றேன். பெரிய பொறுப்புக் கிடைத்த பெருமையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வேறு ஈ எடுத்துவருகிறேன் என்று நான் வண்டிக்குப் போய்விட்டேன். அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. தண்ணீர் ஏறத் தொடங்கும்போது மீன் நன்றாகக் கடிக்கும். அவருக்கு முதல் மீன் அப்போதுதான் மாட்டியது. தூக்கிக் காட்டினார். குழந்தை கை தட்டினாள்.

அவள் கத்தியபோது வாய்க்கால் இடுப்புக்கு மேலே போயிருந்தது. அவர் திரும்பி இறங்கினார். கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் காலைத் தூக்க முடியாது, சார். "கிட்ட வராதே, அங்கேயே நில்லு" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். கடைசியாகச் சொன்னது அதுதான். நான் ஓடிவந்தேன். உண்மையாகவே ஓடினேன். வந்ததும் அந்தக் கல்லை எடுத்து ஆற்றில் போட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தும்பி வந்துச்சுப்பா. நான் கொஞ்ச நேரம் அதைப் பாத்துட்டேன்" என்றாள். தும்பியைப் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அவளை அணைத்துக்கொண்டு, "அப்பா யார்கிட்டயும் சொல்லமாட்டேம்மா" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னைவிட்டு நகரவில்லை. அந்தக் கட்டிலில்தான் தூங்குகிறாள், நான் பக்கத்தில் இருந்தால்தான் கண்ணை மூடுகிறாள். சித்தி வந்து கூப்பிட்டபோது சித்தி முகத்தைப் பார்க்கமுடியாமல் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் கேட்டதெல்லாம் இதைத்தானே.

எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும் என்று தெரிந்தே அவரை இறக்கினேன். கல்லைத் தெரிந்தே மேலே வைத்தேன். சாகட்டும் என்றுதான் வைத்தேன். எத்தனை வருடம் கொடுத்தாலும் இருந்துவிட்டு வருகிறேன். அதுவரைக்கும் மகள் என் அக்கா வீட்டில் இருப்பாள், எனக்காகக் காத்திருப்பாள். நான் வெளியூர் வேலைக்குப் போயிருப்பதாக அவளிடம் சொல்லிக்கொள்ளலாம்.

நேற்று அவள் உங்களிடம் வந்து, "நான்தான் சரியாப் பாக்கல" என்று அழுதாளாமே. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன் சார், அதை அப்படியே விட்டுவிடுங்கள். அவள்மேல் தப்பில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் சித்தியோடு போய்விடுவாள்.