சொட்டு விடாத உருண்டைகள்

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவற்றை முதல் தாளில் எழுதிக்கொண்டீர்கள். எனக்கு வயது நாற்பத்து மூன்று. கணவர் இல்லை. தம்பி வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் உள்ள ஹோமியோபதி கிளினிக்கில் ஒன்பது வருடமாக மருந்து கட்டிக் கொடுக்கும் வேலை பார்த்தேன். என் மேல் புகார் கொடுத்திருப்பவர் அங்குள்ள டாக்டர். நான்கு மாதமாக நோயாளிகளுக்கு வெறும் உருண்டை கொடுத்தேன், அவருடைய மேசை இழுப்பறையின் பூட்டை உடைத்தேன் என்பது புகார். இரண்டும் உண்மை.

சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் சர்க்கரை உருண்டைகளை நிரப்பி, சீட்டில் எழுதியிருக்கும் மருந்துத் திரவத்தில் நான்கு சொட்டு விட்டு, குலுக்கி, லேபிள் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. திரவப் பாட்டில்களில் முப்பது, இருநூறு, ஆயிரம் என்று எண் போட்டிருக்கும். எண் ஏற ஏற உள்ளே மருந்து குறையும், வீரியம் கூடும் என்று டாக்டர் முதல் நாளே பாடம் எடுத்தார். நானும் தலையாட்டினேன்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, கூட்டத்தில் கை ஓடாமல், பதினொரு பாட்டிலுக்குச் சொட்டு விட மறந்து கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஞாபகம் வந்தது, வேலை போய்விடும் என்று பயந்தேன். அதன் பிறகு அடுத்த திங்கட்கிழமை பதினொரு பேரும் வந்தார்கள். ஏழு பேர் தேவலை என்றார்கள், டாக்டர் பதிவேட்டில் ‘மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது’ என்று எழுதினார். மூன்று பேர் அப்படியேதான் இருக்கிறது என்றார்கள், ‘பொறுமை தேவை’ என்று எழுதினார். ஒருவர் அரிப்பு இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று சண்டைக்கு வந்தார். டாக்டருக்கு அவரைப் பார்த்துத்தான் சந்தோஷம் அதிகம். “உள்ள இருந்த நோய் வெளிய வருதுங்க” என்று கை குலுக்கினார்.

அன்றிலிருந்து நான் சொட்டு விடுவதையே விட்டுவிட்டேன். சோம்பேறித்தனமும் இருந்தது, வேடிக்கை பார்க்கும் ஆசையும் இருந்தது. அவர் கணக்குப்படி பார்த்தால், எதுவுமே ஊற்றாத என் உருண்டைதான் அந்த அலமாரியிலேயே அதிக வீரியம் உள்ளது. நான்கு மாதத்தில் ஒரு நோயாளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை. பதிவேட்டைக் கைப்பற்றிப் பாருங்கள், அந்த நான்கு மாதமும் பக்கத்துக்குப் பக்கம் ‘நல்ல முன்னேற்றம்’ என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

இழுப்பறை பற்றிச் சொல்கிறேன். ஆஸ்துமாக்காரர்கள் வந்தால் அவர்களுடைய இன்ஹேலரை வாங்கி உள்ளே போட்டுப் பூட்டுவார். அது நோயை அமுக்கிவைக்கிறதாம். புதிதாக வருகிறவர்களுக்கு இழுப்பறையைத் திறந்து காட்டிப் பெருமைப்படுவார், பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பையைக் காட்டுவதுபோல.

தெருமுனையில் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்கா இரண்டு மாதத்துக்கு முன் வந்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஆஸ்துமா. டாக்டர் அவரிடமும் இன்ஹேலரைக் கேட்டார். அக்கா உடனே கொடுக்காமல், நான் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்து ஒன்று கேட்டார், நான் ஒன்று செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதன் பிறகு போன வாரம் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்கா கழுத்தில் இஞ்ச் டேப்போடு உள்ளே வந்தார். வாசற்படியில் இரண்டு தடவை நின்றார். மூச்சு விசில் அடித்தது. டாக்டர் அவரை உட்காரவைத்துப் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டார். தாகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிப்பீர்களா, அறையை நேர்த்தியாக வைத்துக்கொள்வீர்களா, சாவை நினைத்துப் பயம் உண்டா என்று கேட்டார். அக்காவால் வாய் திறக்க முடியவில்லை. ‘பதில் சொல்ல ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டார். அதுவும் பதிவேட்டில் இருக்கிறது.

அதன் பிறகு இருநூறு கொண்டுவரச் சொன்னார், கொண்டுபோய் நாக்குக்கு அடியில் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்து ஆயிரம் கொண்டுவரச் சொன்னார், அதே வெறும் உருண்டை ஜாடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அக்காவின் உதடு நீலம் பூத்தது. இழுப்பறைச் சாவி கேட்டேன். “பதறாதம்மா, மருந்து இப்பதான் வேலைய ஆரம்பிச்சிருக்கு” என்றார். என்ன மருந்து என்று எனக்குத் தெரியும். அக்காவின் பையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பூட்டை நெம்பினேன். உள்ளே பதினான்கு இன்ஹேலர் இருந்தன. எது யாருடையது என்று பார்க்கவில்லை, கைக்கு வந்த நீல நிற இன்ஹேலரை எடுத்து அக்கா வாயில் அடித்தேன். அதன் பிறகு வெளியே காத்திருந்த வேன் டிரைவர் அக்காவை அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார், நானும் போனேன்.

அக்கா பிழைத்துக்கொண்டார். நான் சரியான மருந்து கட்டியிருந்தால் அவருக்கு மூச்சே திணறியிருக்காது என்று டாக்டர் புகாரில் எழுதியிருக்கிறார். படித்தவர் எழுதுகிறார், போலீஸில் நீங்களும் வாங்கிக்கொள்கிறீர்கள். என்னத்தைச் சொல்ல.

நேற்று வார்டுக்குப் போனேன். அக்கா ஆக்ஸிஜன் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டுப் பேசினார். “அந்தாளு கேட்டதுக்காகக் குடுக்கலம்மா. உன்னக் கேட்டுத்தான குடுத்தேன்” என்றார்.

கேட்டார். அன்று ஜன்னலில் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு, “நீயே சொல்லும்மா, குடுத்துடலாமா?” என்று கேட்டார். நான் அப்போது இரண்டு மாதமாக வெறும் சர்க்கரை கட்டிக்கொண்டிருந்தேன். லேபிள் ஒட்டிக்கொண்டே தலையாட்டினேன்.

டாக்டரின் புகாரில் இது இல்லை. அவருக்குத் தெரியாது. இதையும் என் குற்றங்களில் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன், எழுதினீர்கள்.

நான் சொன்னதை எனக்கே படித்துக் காட்டினீர்கள். கூட்டவும் குறைக்கவும் இல்லை, அத்தனையும் நடந்ததுதான். யாரும் மிரட்டாமல் என் கையாலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

(கையொப்பம்)